அம்சவேணிக்கு அர்ச்சனை

மாலை போட ஒரு போட்டோ

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் தயிர்சாதத்தில் கை வைத்திருந்தேன். எங்கள் டைரக்டர் ராகவன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"விஜயா, மாலை போடறதுக்கு போட்டோ எடுத்துட்டாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள நம்ம ரிப்போர்ட் போயாகணும்."

யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போய் எழுந்தேன். "யாரு சார்? எப்போ?"

"அம்சவேணி. ஏழு மணி சீரியல்."

அடச்சே என்று உட்கார்ந்து மிச்ச சாதத்தைச் சாப்பிட்டேன். ஆனால் அவர் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. சீரியல் தொழிலில் ஒரு நடிகை வேண்டாம் என்று முடிவு செய்தால், கதையில் அவரைச் சாகடித்து, ஹால் சுவரில் படத்தை மாட்டி மாலை போட்டுவிடுவார்கள். அதற்கென்று தனியாக ஒரு போட்டோ எடுக்க வேண்டும். பட்டுப்புடவை, சிரித்த முகம், பின்னால் வெறும் சுவர். செட்டில் யாராவது வந்து 'மேடம், சும்மா ஒரு ஸ்டில்' என்று கேட்டால் எந்த நடிகைக்கும் விஷயம் புரிந்துவிடும். அன்று காலை அப்படிக் கேட்டது, அம்சவேணியாக நடிக்கும் சுபலதாவிடம்.

நான் பார்த்த வேலைக்கு ஆடியன்ஸ் ரிசர்ச் என்று பெயர். ஜனங்கள் டிவியில் எதைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு என்ன பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்து சேனல்காரர்களுக்குச் சொல்வது. தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். சமீபத்தில்தான் ரிடையர் ஆனேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் 'உங்க அனுபவத்தை எழுதுங்க மேடம்' என்று பிடுங்கி எடுக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவர்தான் அனுபவம் எழுதுவார் என்று அவர்கள் நினைப்பு. நான் எழுதப்போவது, தலை எது வால் எது என்று எனக்கு இன்றுவரை பிடிபடாத ஒரு கேஸ்.

சுபலதா விழுப்புரம் பக்கத்துப் பெண். அடையாறில் இன்னொரு பெண்ணோடு வாடகை வீட்டில் இருந்தாள். வருஷக்கணக்காகக் கதாநாயகிக்குத் தோழியாகவும், கல்யாண சீனில் தட்டு தூக்கிக்கொண்டு நிற்பவளாகவும் நடித்துவிட்டு, முதல்முறையாக ஒரு பெரிய வேஷம் கிடைத்திருந்தது. அம்சவேணி, வீட்டின் இரண்டாவது மருமகள். சொத்துக்காக மாமியாருக்குப் பாலில் மாத்திரை கலந்து கொடுப்பவள். சுருக்கமாகச் சொன்னால் வில்லி.

சேனலில் கதைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஒருவர் இருந்தார். இன்டர்நெட்டில் அம்சவேணியைப் பற்றி வருகிற கமெண்ட் எல்லாம் ஒரே திட்டு, ஜனங்களுக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை, தூக்கிவிடலாம் என்பது அவர் கட்சி. போட்டோ எடுத்தாயிற்று. எங்கள் ரிப்போர்ட் 'ஆமாம்' என்றால் மாலை விழும்.

சிவப்பு

நான் பழைய ஃபீல்டு ஆள். மந்தைவெளியிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்டவள். 'என்ன சீரியல் பார்ப்பீங்க?' என்று கேட்டால் பாதிப் பேர், 'நாங்கள்லாம் நியூஸ் மட்டுந்தாங்க' என்பார்கள். அதற்கு நான் ஒரு வித்தை வைத்திருந்தேன். பேச்சுவாக்கில் சீரியல் கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். 'அந்த டாக்டர் பெரியவளைத்தானே கட்டிக்கிட்டாரு?' என்பேன். 'ஐயோ, சின்னவளைங்க!' என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். நியூஸ் மட்டும் பார்க்கிற வீடுதான் அது.

மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பொய் எது நிஜம் எது என்று கண்டுபிடித்துப் பழகியவளை, முகமே இல்லாத ஒரு இடத்தில் கொண்டுபோய் விட்டால் எப்படி இருக்கும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

கமெண்டுகளைச் சேகரித்து, நல்லதைப் பச்சையாகவும் கெட்டதைச் சிவப்பாகவும் பிரிக்கிற சாஃப்ட்வேர் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் பிரபு. நல்ல மனுஷன், கம்ப்யூட்டரைத் தவிர யார் சொன்னாலும் நம்ப மாட்டார். ஸ்கிரீனைக் காட்டினார். பச்சை எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று பங்கு போட்டுக் காட்டுகிற ஒரு சக்கரம் அதில் இருந்தது. அம்சவேணிக்குச் சக்கரம் முழுக்கச் சிவப்பு. நல்லவளான மூத்த மருமகளாக நடிக்கும் கதாநாயகிக்கு முழுக்கப் பச்சை.

"இதுல ரிசர்ச் பண்ண என்ன மேடம் இருக்கு? ரெட்டுன்னா ரெட்டுதான்."

"நீ இதையெல்லாம் படிச்சியா?"

"எதுக்கு மேடம்? அதான் மெஷின் படிச்சிருக்கே."

நான் படித்தேன். பெரும்பாலான சிவப்பு ஒரே இடத்திலிருந்து வந்தது. 'ஒழிக அம்சவேணி' என்று ஒரு குரூப். தினமும் எபிசோடு முடிந்ததும் அதில் 'இன்றைய அர்ச்சனை' என்று ஒரு போஸ்ட் விழும். அதன் கீழே ஆளாளுக்குத் திட்டுவார்கள்.

'அடியே அம்சவேணி, நீ வெச்ச குக்கர் கூட உன்னை நம்பி விசில் அடிக்காது.'

'நீ உருட்டற உருட்டுக்கு ஒரு நாள் உன் கண்ணு கீழ விழுந்து கட்டிலுக்கு அடியில போகப்போகுது, நாங்க எடுத்துத் தர மாட்டோம்.'

'இவ விளக்கேத்த வந்தா எண்ணெய் திரும்ப பாட்டிலுக்கே போயிடும்.'

படித்துக்கொண்டே நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிரபு திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வருகிற திட்டு சிவப்பா, பச்சையா? பழைய வழக்கப்படி ஒவ்வொன்றையும் கையால் தரம் பிரிக்கலாம் என்று பேப்பரோடு உட்கார்ந்தேன். ஒரு கமெண்டுக்கு நெகட்டிவ் என்று போட்டேன், அடித்தேன், பாசிட்டிவ் என்று போட்டேன், அதையும் அடித்தேன். பேப்பர் முழுக்க அடித்தலாகத்தான் இருந்தது.

கதாநாயகியின் பச்சையையும் திறந்து பார்த்தேன். 'சூப்பர்.' 'சூப்பர்.' கைகூப்பும் பொம்மை. 'நைஸ்.' யாரோ ஒருவர் 'குட் மார்னிங் ஆல்' என்று போட்டிருந்தார். எபிசோடில் என்ன நடந்தது என்று ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நடுவில் சில நாள் சுபலதா ஜுரத்தில் படுத்து ஷூட்டிங்குக்கு வரவில்லை. அந்த எபிசோடுகளில் அம்சவேணி கிடையாது, குரூப்பில் அர்ச்சனையும் கிடையாது. 'எங்க போனா அந்தப் பாவி?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். 'உடம்பு சரியில்லையாம். யாராவது கஞ்சி வெச்சுக் குடுங்கப்பா, எழுந்து வந்து மாத்திரை கலக்கணும்ல' என்று இன்னொருத்தி.

ஒன்றுமே புரியவில்லை. அட்மினுக்கு மெசேஜ் போட்டேன். நேரில் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, 'வாங்க, டீ குடிச்சிகினே பேசலாம்' என்று பதில் வந்தது.

நூர்ஜஹானின் சட்டம்

மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு குறுகிய தெரு. முதல் மாடியில் ஆரி ஒர்க் செய்கிற இடம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கல்யாண பிளவுஸ் துணியைச் சுற்றி உட்கார்ந்து மூன்று பெண்கள் மணி கோத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அம்மாவுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துப்பட்டா, மூக்குக் கண்ணாடி, விரல் நுனியில் ஊசி. அவர்தான் 'ஒழிக அம்சவேணி' அட்மின். பெயர் நூர்ஜஹான்.

"நீங்க சேனல் ஆளா மேடம்?"

"இல்லைங்க. சேனலுக்கு ரிசர்ச் பண்ற ஆள்."

"அப்போ சேனல் ஆளுதான். உக்காருங்க."

எடுத்த எடுப்பில் கேள்வி கேட்காமல் என் பழைய வித்தையை எடுத்துவிட்டேன். "நேத்து எபிசோடு பார்த்தேன். அந்தப் பால்ல அவ உப்புதானே கலந்தா?"

"மாத்திரை!" என்று மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருத்தி மணித் தட்டைத் தட்டிவிட்டு நூர்ஜஹானிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நூர்ஜஹான் அர்ச்சனைக்குச் சட்டம் வைத்திருந்தார். சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"அன்னிக்கு எபிசோடு பாத்தவங்கதான் திட்டணும் மேடம். பாக்காம சொம்மா வந்து திட்டறவங்களை வெளிய தள்ளிடுவேன். நேத்து ஒருத்தர் திட்டினதை இன்னிக்கி வேற ஆளு எடுத்துப் போடக் கூடாது, மூளையக் கசக்கிப் புதுசா யோசிக்கணும். அவ செஞ்ச வேலையத்தான் திட்டணும். கலரு, ஒடம்பு, மூஞ்சின்னு போனா உடனே தூக்கிடுவேன். அந்த நடிக்கிற பொண்ணோட பேஜுக்குப் போயி யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. அது பாவம், பொழைக்க வந்துகீது."

"சரி, உங்களுக்கு அம்சவேணியைப் பிடிக்குமா?"

"பிடிக்கறதா? நாசமாப் போறவ!"

"அப்போ பிடிக்காது."

"பிடிக்காமலா மேடம் கல்யாண ஆர்டரைப் போட்டுட்டு ஏழு மணிக்கு டிவி முன்னாடி உக்காந்துகினு கீறேன்?"

"பிடிக்குமா, பிடிக்காதா? ஒண்ணு சொல்லுங்க, நான் எழுதிக்கணும்."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மேடம், ரேஷன் கார்டுக்கு எழுதற மாதிரி கேக்கறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அவரே இறங்கி வந்து, குரூப்பில் தினமும் நன்றாகத் திட்டுகிற ஜெயா மாமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மாமி கிழக்கு மாட வீதிப் பக்கம் இருப்பவர். கண் உருட்டல் திட்டு அவர் எழுதியதுதானாம்.

"நானா? நேக்கு அவளைக் கண்டாலே ஆகாது" என்றார் மாமி. "ஆத்துல எல்லாரும் பலகாரம் சாப்பிட உக்காந்துண்டு இருந்தாக்கூட ஏழடிச்சா எழுந்து போயிடுவேன். அவ என்ன அக்கிரமம் பண்றான்னு பார்க்காட்டா மனசே ஆறாது."

"அவளை சீரியல்லேர்ந்து எடுத்துட்டா நிம்மதியா இருக்குமா மாமி?"

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு எடுக்கறது? அவ இல்லேன்னா நான் யாரைப் பார்க்கறது? அந்த அசடு மூத்த மருமகளையா? எப்பப் பாரு அழுதுண்டு!"

கிளம்புவதற்கு முன் என் போனில் சுபலதாவின் சொந்தப் பேஜைத் திறந்து நூர்ஜஹானிடம் காட்டினேன். அவள் குலதெய்வம் கோவில் போட்டோ போட்டிருந்தாள். கீழே, யார் யாரோ முகம் தெரியாதவர்கள். 'உன் கண்ணு கீழ விழ.' 'நீ விளங்கவே மாட்டே.' குரூப்பில் சிரிப்பு வந்த அதே வார்த்தைகள். சட்டம் இல்லாத இடத்தில் வாலையும் தலையையும் வெட்டிப் போட்டிருந்தார்கள். அம்சவேணியின் பெயரே இல்லை, வெறும் 'நீ' மட்டும்.

நூர்ஜஹான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இது எங்க ஆளுங்க இல்ல மேடம்" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா பேச்சு எங்குளுது" என்றார். டீ ஆறிப்போய்விட்டது.

ஒரே நாளில் பச்சை

புதன்கிழமை காலை ஆபீஸுக்குள் நுழையும்போதே பிரபு, "மேடம், மெஷின் கெட்டுப்போச்சு போல" என்றார்.

அம்சவேணியின் சக்கரம் முழுக்கப் பச்சை.

விஷயம் இதுதான். செட்டில் வேலை செய்கிற யாரோ ஒரு புத்திசாலி, முன்கூட்டியே மாலை போட்டுத் தயாராக வைத்திருந்த படத்தைப் போனில் எடுத்து வெளியே விட்டுவிட்டார். சுபலதா பட்டுப்புடவையில் சிரிக்கிறாள், படத்தின் மேல் பிளாஸ்டிக் சாமந்தி மாலை. அது 'ஒழிக அம்சவேணி' குரூப்புக்கு வந்ததும் அங்கே இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. திட்டியதால்தான் தூக்குகிறார்கள் என்று யாரோ சொல்ல, எல்லாரும் மிரண்டுபோய், வாழ்த்த ஆரம்பித்துவிட்டார்கள். குரூப்பின் பெயரையே 'வாழ்க அம்சவேணி' என்று மாற்றியிருந்தார் நூர்ஜஹான். 'எங்கள் வீட்டு மகாலட்சுமியே.' 'உன்னைப் போல் ஒரு மருமகள் உண்டா.' ஜெயா மாமி 'தீர்க்காயுசா இரு' என்று போட்டிருந்தார். மாமியாருக்கு மாத்திரை கலக்குகிறவளுக்கு!

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் சேனல் அதிகாரி போனில் வந்துவிட்டார்.

"என்ன மேடம் இது? திங்கக்கிழமை வரைக்கும் ஃபுல் ரெட், இன்னிக்கு ஃபுல் கிரீன். எந்த ஊர்ல இப்படி நடக்கும்? அந்தப் பொண்ணு ஆள் வெச்சு கமெண்ட் போடுது. ஹண்ட்ரட் பர்சன்ட் பெய்டு. இதுக்காகவே தூக்கணும்."

"அவங்க எல்லாம் நிஜ ஆளுங்க சார். ரெண்டு பேர்கிட்ட நானே பேசியிருக்கேன்."

"நிஜ ஆளுங்கன்னா ஏன் மேடம் ஒரு நாளைக்கு ஒண்ணு பேசறாங்க?"

நல்ல கேள்வி. அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சுபலதாவே ஆபீஸுக்கு வந்துவிட்டாள். அதற்குமுன் நான் அவளை நேரில் பார்த்ததில்லை. மேக்கப் இல்லாமல், சுடிதாரில், ஒல்லியாக இருந்தாள். ரிசப்ஷனில் இருந்த பெண் அவளைப் பார்த்ததும் 'ஐயோ அம்சவேணி!' என்று எழுந்து நின்றுவிட்டாள். சுபலதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் யாருக்கும் காசு குடுக்கலை மேடம்" என்று உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள். "எனக்கு அந்த குரூப்ல ஒருத்தரைக்கூடத் தெரியாது. சேனல்ல என்னைத் திருடி மாதிரி பார்க்கறாங்க. பிடிக்கலைன்னா அனுப்பட்டும், இந்தப் பேரு வேண்டாம் மேடம். இந்தப் பேரோட போனா எனக்கு வேற யாரு வேஷம் குடுப்பா?"

நான் தண்ணீர் கொடுத்தேன். அந்த குரூப்பின் சட்டத்தையும் சங்கதியையும் எடுத்துச் சொன்னேன். கஞ்சி கமெண்டைப் படித்துக் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"திட்டறாங்கன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா மேடம்?"

"அப்படித்தான் நினைக்கறேன்."

"நினைக்கறீங்களா? உங்களுக்கே தெரியாதா?" என்றாள். "ஊர்ல எங்கம்மா தினமும் இதையெல்லாம் படிக்கறாங்க. 'உன்னை ஏன்டி ஊரே இப்படிக் கரிச்சுக் கொட்டுது'ன்னு கேட்டு அழறாங்க. பிடிச்சுப்போய்த்தான் திட்டறாங்கன்னு நீங்க அவங்ககிட்ட சொல்றீங்களா? இந்தாங்க, போன் போட்டுத் தரேன்."

போனை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. எத்தனையோ கிளையண்டுகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசியவள், அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

தெரியவில்லை

வெள்ளிக்கிழமை மீட்டிங். நீளமான மேஜை, எனக்குப் பிடிக்காத ஏசி, நாலைந்து பேர். ராகவன் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். இந்தக் கமெண்டுகளைப் பிடிக்கும், பிடிக்காது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவர்களுக்கே தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். அவள் வராத நாளில் 'எங்கே' என்று கேட்கிறார்கள். கதாநாயகி வராத நாளில் யாரும் கேட்பதில்லை. திட்டுகிற வரை பார்க்கிறார்கள். புதன்கிழமைப் பச்சை பயத்தில் போட்டது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தப் பெண் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. மாலை வேண்டாம்.

"தெரியலைன்னு சொல்றதுக்கா மேடம் உங்களுக்கு ஃபீஸ்?" என்றார் அதிகாரி.

ராகவன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்ச மாதிரி நடிக்கறதுக்கு வேற ஆபீஸ் இருக்கு சார், அட்ரஸ் தரேன்" என்றேன்.

அதிகாரி ஸ்கிரீனையே பார்த்தார். சிவப்புச் சக்கரம், பக்கத்தில் பச்சைச் சக்கரம். திடீரென்று முகம் மலர்ந்தது.

"ஓகே, மாலை வேண்டாம். இவ்ளோ பாசிட்டிவ் இருக்கே? பேசாம அம்சவேணியைத் திருத்தி நல்லவளா மாத்திடுவோம். ஆடியன்ஸ் மகாலட்சுமிங்கறாங்க, நாமளும் மகாலட்சுமியாக்கிடுவோம்."

"சார், அந்தப் பச்சை நிஜமில்லைன்னு இப்போதானே சொன்னேன்?"

"பச்சை பச்சைதானே மேடம்?"

ராகவனுக்கு ஏக சந்தோஷம். பெண்ணுக்கு வேலை இருக்கிறது, கிளையண்டும் கோபித்துக்கொள்ளவில்லை, வேறென்ன வேண்டும் என்றார். சுபலதாவும் போனில் அழுதாள். சந்தோஷ அழுகை. "அம்மாகிட்ட சொல்லிட்டேன் மேடம், இனிமே என்னை யாரும் திட்ட மாட்டாங்கன்னு." ஜெயித்தோமா தோற்றோமா என்றே எனக்கு விளங்கவில்லை. சரிம்மா, நல்லா பண்ணு என்றேன்.

அடுத்த வாரமே அம்சவேணி கோவிலில் மயங்கி விழுந்து, எழுந்தபோது நல்லவளாகிவிட்டாள். துளசி மாடத்தைச் சுற்றினாள். மாமியார் காலைப் பிடித்துவிட்டாள். அழுதாள். மூத்த மருமகளும் அழுதாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். சக்கரம் பச்சையாகவே இருந்தது. உள்ளே திறந்து படித்தேன். 'சூப்பர்.' 'நைஸ்.' கைகூப்பும் பொம்மை.

சில மாதம் கழித்து ஒரு நாள் எபிசோடு ஆரம்பிக்கும்போது கீழே ஒரு வரி ஓடியது. இனி அம்சவேணியாக, என்று வேறொரு பெண்ணின் பெயர். சாவும் இல்லை, மாலையும் இல்லை. புதுப்பெண் அதே துளசி மாடத்தைச் சுற்றினாள். ஏன் என்று அதிகாரியைக் கேட்டேன். "சுபலதாவோட ஷூட்டிங் டேட்ஸ் கொஞ்சம் இஷ்யூ மேடம். யாரு பண்ணா என்ன, யாரும் ஒண்ணும் சொல்லலையே?" என்றார். நிஜம்தான். அன்றைய கமெண்டுகளை ஒன்றுவிடாமல் படித்தேன். ஒருவர்கூட ஆள் மாறியதைச் சொல்லவில்லை.

ஆத்திரத்தில் நூர்ஜஹானுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு ஒரு போட்டோவுக்கு அவ்ளோ குதிச்சீங்களே, இன்னிக்கு ஏங்க யாரும் வாயே தொறக்கலை?"

"நாங்க இப்போ ஒம்பது மணி சீரியல் பாக்கறோம் மேடம். அதுல ஒரு அத்தைக்காரி கீறா, அப்பப்பா!" என்றார் அவர். பிறகு என் குரலைக் கவனித்திருக்க வேண்டும். "கோச்சிக்காதீங்க. அம்சவேணி பூட்டு ரொம்ப நாளாச்சு மேடம். துளசி சுத்தினாளே, அன்னிக்கே பூட்டா. மாலை மட்டுந்தான் போடல."

குப்பத்தில்

அதற்குப் பிறகு சுபலதா ஒருமுறை கூப்பிட்டாள். விழுப்புரத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார், என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்றாள். போனேன். மீன் வாங்கவில்லை, கூட வர்றீங்களா மேடம் என்றாள். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துக் கடற்கரையோரம் மீனவர்கள் இருக்கும் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போனோம்.

வழியில் தன் நிலைமையைச் சொன்னாள். மறுபடி தோழி வேஷத்துக்குத்தான் கூப்பிடுகிறார்களாம். "நல்லவளாத்தானே மேடம் இருந்தேன்? எல்லாரும் நல்லாத்தானே சொன்னாங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். எத்தனையோ ரிப்போர்ட் எழுதிய கை, அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டது.

படகுகளுக்குப் பக்கத்தில் பலகை போட்டுச் சங்கராவும் நெத்திலியும் பரப்பி வைத்திருந்தார் ஒரு அம்மா. கத்தியை வைத்துக்கொண்டு செதில் சீவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏய், நீ அவதான? பால்ல மாத்திரை கலந்தவ?"

சுபலதா பழக்கதோஷத்தில் ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

"எங்கடி பூட்ட நீ?" என்று அந்த அம்மா கத்தியை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "உன் எடத்துல எவளோ ஒருத்திய இஸ்து வுட்டுகீறானுங்க, அவளுக்கு மொறைக்கத் தெரியுதா, முழிக்கத் தெரியுதா? அந்த மாமியாக்காரி இன்னா ஆட்டம் ஆடுறா, கேக்க நாதி இல்ல. உன்ன யாருடி நல்லவளா மாறச் சொன்னது? நீ பாட்டுக்கு நாசமாப் போயிகினு இருந்தியே, உனக்கு இன்னா கேடு வந்துச்சு?"

பக்கத்துப் பலகைக்காரர் எழுந்து வந்தார். "யாருக்கா, அம்சவேணியா? அடிப் பாவி மவளே! உன்னால நான் சோறு வடிக்காம உக்காந்து பாத்தேன்டி, சொல்லாமப் பூட்டியே!" இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சுற்றி நின்றுகொண்டு ஆளாளுக்குத் திட்டினார்கள். இவர்கள் யாரும் எந்த குரூப்பிலும் இல்லை. எந்த மெஷினும் இவர்களைப் படித்ததில்லை.

நான் குறுக்கே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று பார்த்தேன். சுபலதா நகரவில்லை. இடுப்பில் கை வைத்தாள். ஒரு புருவம் மேலே போனது.

"என்ன, ரொம்பப் பேசற?" என்றாள், அம்சவேணியின் குரலில்.

அந்த அம்மா கத்தியைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னும் மோசமாகத் திட்டினார். சுபலதாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட இல்லை. இடுப்பில் வைத்த கையை எடுக்காமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஜனங்கள் எழுதுவதை எண்ணுவதற்கு உங்களுக்கு நல்ல நல்ல மெஷின்கள் வந்துவிட்டன. எண்ணுங்கள். ஆனால் யார் போனால் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள், நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதுவும் அரைகுறையாகத்தான். ஏனென்றால் நிஜமாகவே தேடியவர்கள் கேட்ட இடம், நாங்கள் யாரும் பார்க்காத இடமாக இருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு சுபலதா வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள்.

"மேடம், அவங்க இப்போ என்னைத் திட்டினாங்களா, இல்ல கொஞ்சினாங்களா?"

"தெரியலைம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, "அம்மா, யாரு வந்திருக்காங்க பாரு" என்று கத்திக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.